காசு இருக்கு, தூக்கத்தான் கை இல்லை: கடை இல்லாத இடங்களில் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

நடுவாசல்

எங்கள் பகுதியில் இருந்த ஒரே பெரிய மளிகைக் கடை மூடிய கதையை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன், எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. இப்போது பஸ் மாறிப் போய்த்தான் வாங்க வேண்டும். அப்படிப் போன இடத்தில் பார்த்தது இது.

பில் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா. எல்லாவற்றையும் இரண்டு பைகளில் போட்டாயிற்று, பணத்தையும் எடுத்து நீட்டிவிட்டார். அப்புறம் என்ன தோன்றியதோ, இரண்டு பைகளையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். எண்ணெய்ப் பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி தூக்கினார். அடுத்தது பால். அடுத்தது வலைப்பையில் இருந்த கிழங்கு. கல்லாவில் இருந்த பெண், பணம் குறைகிறது போல என்று நினைத்து, “பரவாயில்லம்மா, கம்மியா இருந்தா சொல்லுங்க” என்று மெதுவாகக் கேட்டார். “காசு இருக்கும்மா, தூக்கத்தான் கை இல்லை” என்றார் அந்த அம்மா. கடைசியில் பையில் மிஞ்சியது பிஸ்கட், ரொட்டி, நூடுல்ஸ் பாக்கெட். எடை இல்லாத பொருள் எதுவோ அதுதான் வீட்டுக்குப் போனது.

பஸ் வரை நான்தான் தூக்கிப் போனேன். அந்தப் பக்கம் இறங்கியதும் யார் தூக்குவது? காய்கறியும் பழமும் சாப்பிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காயிலும் பழத்திலும் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் கனக்கும். அந்தக் கனத்தை ஏற்றி இறக்குகிறவர் பக்கம் நின்று யாராவது யோசித்திருக்கிறார்களா?

தண்டவாளம்

நீங்கள் சொல்வது கிராமத்துக்கு மட்டும் இல்லை. நான் இருப்பது பெரிய நகரம். மாடியில் நின்றால் கடையின் போர்டு தெரியும், இரவில் எழுத்தைக்கூடப் படிக்கலாம். ஆனால் நடுவில் நெடுஞ்சாலை, அதையொட்டி ரயில் பாதை. கடக்க வேண்டுமென்றால் மேம்பாலம் வரை நடந்து அதே தூரம் திரும்ப வர வேண்டும். நிறையப் பேர் சுற்றுவதில்லை, குறுக்கே ஓடுகிறார்கள்.

ஒருநாள் சாயங்காலம், தோளில் குழந்தை, கையில் பை, ஒருவர் சாலை நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பக்கமும் லாரி. குழந்தை அழவில்லை, அப்பாவின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கடை எட்டாத பகுதிகளைக் காட்டும் அமெரிக்க வேளாண்மைத் துறை வரைபடத்தில் நகரம் என்றால் 1 மைல், கிராமப்புறம் என்றால் 10 மைல், அதற்குள் பெரிய கடை இருக்கிறதா என்று பார்ப்பார்கள் (அரை மைல் கணக்கும் உண்டு). நேர்கோட்டில் அளக்கிற தூரம். அந்தக் கணக்கில் எங்கள் தெருவுக்குக் கடை பக்கத்திலேயே இருக்கிறது!

பழைய கல்லா

கடைக்காரர் தரப்பில் யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். சின்ன ஊரில் கடை வைத்திருந்தேன். ஒருநாள் சரக்கு இறக்க வந்த டிரைவர் ஒரு தாளை நீட்டினார். இத்தனை பெட்டிக்குக் குறைந்தால் அடுத்த மாதத்திலிருந்து லாரி வராது. அவர்மேல் தப்பில்லை, எங்கள் ஒரு கடைக்காக அவ்வளவு தூரம் ஓட்டினால் டீசலுக்கே காணாது. ஆனால் அத்தனை பெட்டி எடுத்தால் எனக்கு விற்காது. பாக்கெட் சாமான் என்றால் அலமாரியில் கிடக்கும், காய்கறி கிடக்குமா? இரண்டே நாளில் வாடிப்போகும், அள்ளிக் கொட்ட வேண்டியதுதான். சின்னக் கடையில் முதலில் காய்கறிக் கூடை காணாமல் போவது இதனால்தான், கடைக்காரனுக்கு அக்கறை இல்லாததால் இல்லை.

கடைசியில் நான் என்ன செய்தேன் தெரியுமா, டவுனில் இருக்கும் பெரிய கடைக்குப் போய், மற்ற வாடிக்கையாளர்களோடு வரிசையில் நின்று, தள்ளுவண்டி நிறைய வாங்கி வந்து என் அலமாரியில் அடுக்கினேன். மொத்த வியாபாரி எனக்குப் போட்ட விலையைவிட அவர்களுடைய சில்லறை விலை குறைவு. அவர்கள் வாங்குகிற அளவு அப்படி. வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நின்றார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பெரிய ஆளுக்கு ஒரு விலை, சின்ன ஆளுக்கு ஒரு விலை என்று சரக்குக் கொடுப்பதைத் தடுக்க அமெரிக்காவில் 1936-லேயே ராபின்சன்-பாட்மன் சட்டம் வந்துவிட்டது. 1980-களுக்கு அப்புறம் அரசு அதைக் கையில் எடுத்ததே அபூர்வம். சட்டம் புத்தகத்தில் இருந்து என்ன, சின்னக் கடைகள் போய்விட்டன.

எண்ணும் எழுத்தும்

முதல் பதிவு போட்டவருக்கு: சம்பவம் வருத்தமானது, மறுக்கவில்லை. ஆனால் கடை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல இங்கே பேச்சு போகிறது, அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் தெருவிலேயே புதிதாகப் பெரிய கடை வந்தது. நுழைந்ததும் பழங்கள், பார்க்கவே அழகாக அடுக்கியிருந்தார்கள். ஜனங்கள் அதைத் தாண்டி நேராக உள்ளே போய், பழைய கடையில் வாங்கியதையே வாங்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மாறியது நடை தூரம் மட்டும்தான்.

இது என் கண்ணில் பட்டது மட்டும் இல்லை. பிலடெல்பியாவில் புதுக் கடை வந்த ஒரு பகுதியை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். கடை வந்தது மக்களுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் காய், பழம் சாப்பிடும் அளவிலோ உடல் பருமனிலோ சொல்லும்படி மாற்றம் இல்லை. 2019-ல் வந்த பெரிய பொருளாதார ஆய்வு ஒன்று, வசதியானவர்களுக்குக் கிடைக்கிற அதே பொருளும் அதே விலையும் ஏழைகளுக்குக் கிடைத்தாலும் சாப்பாட்டுச் சத்தில் இருக்கும் இடைவெளி சுமார் 10 சதவீதம்தான் குறையும் என்றது. வருமானம், படிப்பு, பழக்கம் இதையெல்லாம் தொடாமல் கடையை மட்டும் பேசிப் பயன் இல்லை.

தூரத்து மணி

நண்பரே, அதே 2019 ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. பக்கத்தில் கடை இல்லாதவர்களும் எப்படியோ தூரத்துப் பெரிய கடைக்குப் போய்த்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். அந்த “எப்படியோ”வில் எவ்வளவு பாடு இருக்கிறது என்று யார் அளந்தார்கள்? வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தால் உடம்பு இளைத்ததா என்று பார்த்தா கொடுக்கிறோம்? குடத்தோடு நடக்க வேண்டாம், அது போதாதா?

என் அப்பா கண் பார்வை மங்கியதும் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்தான் தன் காரில் கூட்டிப் போவார், தங்கமான மனிதர், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு தடவை நானும் கூடப் போனேன். அப்பா கையில் சீட்டு இருந்தது, காய்கறிதான் முதலில் எழுதியிருந்தார். ஆனால் காய்கறிப் பக்கமே போகவில்லை. ஏன்பா என்றால், “பொறுக்கி எடுக்க நேரமாகும், பாவம் அவர் வெளியே காத்திட்டிருக்கார்” என்றார். அவருக்கு சர்க்கரை வியாதி வேறு. டப்பாவில் அடைத்ததாக நாலு எடுத்துக்கொண்டு வேகமாக வந்துவிட்டார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? பழக்கமா, படிப்பா?

பட்டறிவு

வெள்ளத்தில் பாலம் போய் எங்கள் ஊர் தனித்துப்போனபோது, கடைசி பால் பவுடர் டப்பாவுக்கு இரண்டு தாய்மார் ஒரே நேரத்தில் கை நீட்டியதைப் பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன், இப்படி வருத்தப்பட்டு எழுதிக்கொண்டே இருப்பதைவிட நாமே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முதலில் ஒரு ஃப்ரீசர் வாங்குங்கள். உறைய வைத்த காய்கறியில் சத்து போய்விடும் என்பது தப்பான எண்ணம், பறித்த உடனே உறைய வைப்பதால் சில சமயம் பல நாள் கடையில் கிடந்ததைவிட நன்றாகவே இருக்கும். பருப்பு, பயறு வகைகளை மொத்தமாக வாங்கி வையுங்கள், கெடாது, முளைகட்டினால் பச்சைக் காய் இல்லாத நாளுக்கு ஆகும். நாலைந்து வீடு சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள், ஆளுக்கு ஒரு தடவை வண்டி எடுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் சக்கரம் வைத்த பை வாங்கிக் கொடுங்கள், பெரிய சக்கரமாகப் பாருங்கள், சின்னது குண்டு குழியில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஜப்பானைப் பாருங்கள். கடைக்குப் போக முடியாத முதியவர்கள் அங்கே நிறைய. 2012-ல் டோகுஷிமாவில் டோகுஷிமாரு என்று ஒரு நடமாடும் கடை ஆரம்பித்தார்கள். குளிர்பெட்டி வைத்த சின்ன லாரி, குறித்த நாளில் வீட்டு வாசலுக்கே வரும். ஓட்டுகிறவர் தனி வியாபாரி, பக்கத்து சூப்பர் மார்க்கெட்டிலிருந்து சரக்கு எடுத்துப் போய் விற்றுவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ‘பழைய கல்லா’ சொன்ன அழுகல் நஷ்டம் அவர் தலையில் விழாது பாருங்கள். யாராவது ஒரு இளைஞர் துணிந்தால் உங்கள் ஊரிலும் முடியும்.

இரவுப்பணி

பட்டறிவு ஐயா, நான் இருப்பது வாடகை அறை, இருப்பது ஒரே பிளக். ஃப்ரீசர் எங்கே வைக்க? வேலை முடிந்து நான் வெளியே வரும் நேரத்தில் திறந்திருப்பது பெட்ரோல் பங்க் கடை மட்டும்தான். அங்கே ஒரு கூடையில் வாழைப்பழம் வைப்பார்கள், தனித்தனியாகப் பிளாஸ்டிக் சுற்றி. ஒருநாள் அதற்காகவே வேகமாக நடந்து போனேன், கூடை காலி. கடைப் பையன், “நீங்க மட்டும்தான் வாங்குறீங்க, அதான் நிறுத்திட்டாங்க” என்றான்.

ஜப்பான் லாரி யோசனை நல்லது. அது வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

நடுவாசல்

எல்லோருக்கும் நன்றி. விட்ட கதையை இப்போது சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பகுதியில் மூடிய கடையின் கட்டடம் அப்படியே பூட்டிக் கிடக்கிறது. வேறொருவர் அங்கே மளிகை வைக்க ஆசைப்பட்டார், நானும் கூடப் போய்க் கேட்டேன். இப்போதைய உரிமையாளர் பத்திரத்தைப் பிரித்து ஒரு வரியில் விரல் வைத்துக் காட்டினார்: இந்த இடத்தில் மளிகைக் கடை நடத்தக் கூடாது. போனவர்கள் போகும்போதே எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடம் வைக்கலாம், செருப்புக் கடை வைக்கலாம்.

பிரிட்டனில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இப்படி இடத்தைக் கட்டிப்போடுவதற்கு எதிராக 2010-ல் ஓர் ஆணையே போட்டார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. நகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த மாதிரி நிபந்தனையை நீக்க வைத்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், யாரிடம் போனீர்கள், என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.