கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்த மாணவி

மேல்நிலை வேதியியல் ஆசிரியை:

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உப்புப் பகுப்பாய்வு நடந்துகொண்டிருந்தது. உப்பில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்கும் பழுப்பு வளையச் சோதனை. சோதனைக்குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக மெல்ல விட வேண்டும். மற்றவர்கள் "மிஸ், வளையம் வந்துருச்சு" என்று காட்டிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்தபடி நின்றாள். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது. துப்பட்டா ஓரத்தில் அரிசி அளவில் நாலைந்து ஓட்டைகள், சுற்றிலும் கருகல். மணிக்கட்டில் அமிலம் பட்டிருக்கிறது.

குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. வாளியிலிருந்து மொண்டு மொண்டு 20 நிமிடம் ஊற்றினோம். ஒரு பிள்ளை சோடா உப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வேண்டாம், தண்ணீர்தான் என்றேன். தோல்மேலேயே அமிலத்தை நடுநிலையாக்கினால் அதில் கிளம்பும் சூடும் சேர்ந்து சுடும். அப்புறம் மருத்துவமனை. சின்னத் தழும்போடு போயிற்று.

"ஏம்மா உடனே சொல்லல?"

"போன வாரம் பியூரெட்டு, அந்த அளவுக் கண்ணாடிக் குழாய், அத உடைச்சவள அப்படித் திட்டினீங்களே மிஸ்..."

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அமிலம் பாதி, என் வாய் பாதி.

அதற்குப் பிறகு எது உடைந்தாலும் திட்டுவதில்லை, காசும் கேட்பதில்லை. மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. தேதியும் பொருளும் எழுதினால் போதும். கொஞ்ச நாளில் "சூடான குழாயைத் தொட்டுட்டேன்" என்றெல்லாம் தாங்களாகவே எழுத ஆரம்பித்தார்கள். இரண்டு வாளித் தண்ணீர் நிரம்பாமல் அமிலப் புட்டியைத் திறப்பதில்லை. வாளியைப் பார்க்கும் பொறுப்பு பிள்ளைகளுடையது.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர்:

இதைப் படித்ததும் எங்கள் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது, டீச்சர். ஜன்னலோர மேசை, நல்ல வெயில். ஸ்பிரிட் விளக்கின் சுடர் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஒரு பையன் ஸ்பிரிட் ஊற்றப் போனான். அனல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டு, நேரே என்னிடம் வந்து, "சார், எரியுதுன்னே தெரியல" என்றான். நல்லவேளை, சொன்னான். அவனைத் தட்டிக்கொடுத்தேன். இப்போது மூடி போட்டால்தான் விளக்கு அணைந்ததாகக் கணக்கு. ஸ்பிரிட்டைக் காலையிலேயே நான் நிரப்பிவிடுவேன்; பாடம் முடியும்வரை புட்டி பீரோவுக்குள் பூட்டியிருக்கும்.