லாக் போட்டும் ஒரே டோக்கன் இரண்டு பேருக்குப் போகிறது

தஞ்சாவூரில் ஒரு கிளினிக்குக்கு டோக்கன் கொடுக்கும் ஆப் எழுதியிருக்கிறேன். கவுன்டர் இரண்டு. மூன்று வாரமாக ஒரே எண் இரண்டு பேருக்குப் போகிறது. நேற்று காலை இரண்டு பாட்டிகள், ஆளுக்கொரு "1" சீட்டோடு டாக்டர் அறை வாசலில் சண்டை.

பைதான் 3.11, ஃபிளாஸ்க், ஜியூனிகார்ன் சர்வரில் 4 வொர்க்கர் (வரும் கோரிக்கைகளைப் பங்கிட்டுக் கவனிப்பவை), டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15. ஐசொலேஷன் (ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்ஷன்கள் ஒன்றின் மாற்றத்தை மற்றொன்று எப்போது பார்க்கும் என்ற அமைப்பு) மாற்றவில்லை, இயல்பாக வரும் ரீட் கமிட்டட்தான்.

எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, எழுதும் மூன்று வரியையும் முதலில் திரெடிங் லாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வைத்தேன். பலனில்லை. அதே திரெட் மறுபடி எடுக்கக்கூடிய ஆர்லாக்கும் போட்டேன் (அதில் என்ன மாறும் என்று நினைத்தேனோ!). வொர்க்கரை 1 ஆக்கியதும் சரியானது. அப்போதுதான் உறைத்தது: ஒவ்வொரு வொர்க்கரும் தனி பிராசஸ், அது அது தன் லாக்கை மட்டும் பூட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரே வொர்க்கர் என்றால், யாராவது ரிப்போர்ட் எடுக்கும்போது கவுன்டரில் டோக்கன் வராமல் அப்படியே நின்றுவிடுகிறது.

அப்புறம் மறுபடி 4 வைத்து, டேபிளில் அன்றைய தேதிக்கான ரோவை செலக்ட் ஃபார் அப்டேட் (படிக்கும்போதே ரோவைப் பூட்டும் கட்டளை) போட்டுப் பிடித்தேன். பகல் முழுக்க ஒழுங்கு. காலை 8 மணிக்கு முதல் டோக்கன் மட்டும் இரட்டிக்கிறது. அந்த நேரத்தில் அன்றைய ரோவே இல்லை, இல்லாததை எப்படிப் பூட்டும்? இரண்டு வொர்க்கரும் ஆளுக்கொன்று இன்சர்ட் செய்துவிடுகின்றன. தேதிக்கு யுனிக் (ஒரு தேதிக்கு ஒரே ரோ என்ற கட்டுப்பாடு) போட்டுப் பார்த்தால் இரட்டிப்பு நிற்கிறது, ஆனால் ஒரு கவுன்டரில் எரர்.

யுனிக்கோடு ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட் (ரோ ஏற்கெனவே இருந்தால் எரருக்குப் பதில் அதையே அப்டேட் செய்வது) எழுதினால் போதுமா, இல்லை அட்வைசரி லாக்தான் (ரோ இல்லாவிட்டாலும் நாமே ஓர் எண்ணை வைத்து டேட்டாபேஸில் எடுக்கும் பூட்டு) எடுக்க வேண்டுமா?