இழை: 'மிடி இடைமுகம்' – தமிழில் என்ன சொல்லலாம்?

கையேட்டுக்காரன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கணினியையும் மின்னணு இசைக்கருவியையும் பேசவைக்கும் சிறு சுற்று ஒன்றை மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கக் கையேடு எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு பக்கம், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பு மட்டும் நிற்கிறது. 'மிடி இடைமுகம்' என்று போட்டிருந்தேன் (மிடி, அதாவது MIDI: மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் முறை). மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியர் 'மிடி'யைச் சுழித்து, ஓரத்தில் "வறுமைக்கு எதற்கு முகம்?" என்று எழுதித் திருப்பிவிட்டார்.

1983இலிருந்து பெரும்பாலான சிந்தசைசர்களின் (மின்னணு இசைக்கருவிகளின்) முதுகில் இருக்கிற பெயர் இது. தமிழில் அதற்கு இப்படி ஒரு பொருள் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை. மாற்று உண்டா?

திவவு எழுதியது:

தம்பி, உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. ஆனாலும் பெயர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. பாணர்கள் யாழையும் மிடியையும் சேர்த்தே சுமந்தவர்கள். ஆற்றுப்படை முழுக்க இதுதான் கதை.

விளையாட்டு போகட்டும். யாழின் கோட்டில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் வார்க்கட்டுக்குத் 'திவவு' என்று பெயர். கருவியையும் கணினியையும் கட்டுவது திவவு செய்யும் வேலைதானே? 'திவவி' என்று வைக்கலாம். 'இ' விகுதிக்குச் சான்று தேட வேண்டாம், குறளில் 'சேர்ந்தாரைக் கொல்லி' இருக்கிறது. வேறு வழியும் உண்டு. மிடைதல் என்றால் பின்னுதல், நெருங்குதல். மிடை, முடை, முடி, முடிச்சு எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. அப்படிப் பார்த்தால் 'மிடி'யையே 'மிடையி' ஆக்கிவிடலாம், ஒலியும் கெடாது. இதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

பற்றவைப்பு எழுதியது:

ஐயா, மன்னிக்கணும், திவவி என்றதும் எனக்குத் திவசம்தான் நினைவுக்கு வருகிறது.

பெயர் வைப்பதற்கு முன் பொருளைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். கருவியிலிருந்து வரும் ஐந்து முள் இணைப்பில் வேலை செய்பவை 4ஆம், 5ஆம் முள் மட்டுமே. அவற்றில் வரும் 5 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் 220 ஓம் மின்தடை வழியாக ஒரு சில்லுக்குள் போகிறது. நான் 6என்138 போடுவேன். அந்தச் சில்லுக்குள் ஒரு குட்டி விளக்கு, எதிரே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஒளியுணரி, நடுவே இடைவெளி. விளக்கு மினுக்குவதை அந்தப் பக்கம் படித்துக்கொள்கிறது. கருவியின் மின்சாரம் கணினியைத் தொடுவதே இல்லை. உள்வரும் பக்கத்தில் 2ஆம் முள்ளைத் தரையோடு சேர்க்காமல் விடுவதும் இதற்காகத்தான். சேர்த்தால் ஒலிபெருக்கியில் உறுமல் கேட்கும் வாய்ப்பு உண்டு. ஆகக் கட்டாமல் இருப்பதுதான் இதன் வேலை. இணைப்பி, பிணைப்பி, திவவி எல்லாமே நேர்மாறான பெயர்கள்.

இன்னொன்று, கம்பியில் இசை போவதில்லை. நடு ஸ்வரக்கட்டையை அழுத்தினால் 144, 60, 100 என்று மூன்று எண்கள் போகும். முதலாவது 'முதல் தடத்தில் ஒரு சுரம் தொடங்கியது', அடுத்தது 'எந்தக் கட்டை', கடைசி 'எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள்'. நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் மூன்றும் போய்ச் சேர ஒரு மில்லி நொடிகூட ஆகாது. செய்திதான் போகிறது, செய்தியை அனுப்பியவர் இந்தப் பக்கமே இருக்கிறார். இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: தூது. இசைத்தூது என்று சொல்லலாமே.

(கையேட்டுக்காரருக்கு: முள் வரிசை 1‑4‑2‑5‑3. பற்றவைக்கும் பக்கமிருந்து பார்த்தால் இடம் வலமாக மாறும், படத்தில் எழுதிவிடுங்கள். நான் முதலில் செய்தபோது 4ஐயும் 5ஐயும் மாற்றிவைத்து ஓர் இரவு முழுக்க நிரலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்த்திசையில் ஒரு டையோடு போட்டிருந்ததால் சில்லு பிழைத்தது.)

ஒற்றுப்பிழை எழுதியது:

தூது நல்ல சொல். ஆனால் தூது என்பது செயல், நமக்கு வேண்டியது கருவி. 'இசைத்தூதன்' என்றால் தேவதூதன் வந்து நிற்பான். 'இசைத்தூதி' என்றால் தலைவிக்காகச் சேதி கொண்டு போகும் பெண். 'இ' விகுதியை எங்கும் ஒட்டுகிற பழக்கமே கணினியிலிருந்து வந்ததுதான். கணி என்ற வினையோடு இ சேர்ந்தால் நடுவில் அந்த 'ன்' எப்படி முளைத்தது என்று இன்றுவரை எனக்கு யாரும்

மட்டுறுத்துநர் எழுதியது:

கணினி 'ன்' பற்றி ஏற்கெனவே நான்கு இழைகள் உள்ளன. அங்கே தொடரவும்.

நடைமுறை எழுதியது:

பையன் கடையில் போய் அந்த விளக்குச் சில்லுக்கு 'ஒளிப்பிணைப்பி கொடுங்க' என்றால் கடைக்காரர் விழிப்பார். கருவியின் முதுகில் 'மிடி' என்றுதான் பொறித்திருக்கிறது. கையேட்டில் வேறு பெயர் இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்கு யார் சொல்வது? மிதிவண்டி நின்றது, ஈருருளி உருண்டே போய்விட்டது. தமிழில் ஒரே ஒலியில் இரு பொருள் இருப்பது புதிதா? 'ஆறு' என்று எழுதினால் எண்ணா நதியா என்று யாரும் தடுமாறுவதில்லை. சுற்று வரைபடத்துக்கு நடுவில் 'மிடி' என்று படித்துவிட்டு வறுமையை நினைப்பவர் அந்தத் தமிழாசிரியர் ஒருவர்தான்.

திவவு எழுதியது:

இருவர் ஆனோம், நானும் நினைத்தேன்.

சரி, திவவியை விட்டுவிடுகிறேன். அந்தப் பெட்டியில் மூன்று துளைகள் இருக்குமே: உள், வெளி, அப்புறம் 'த்ரூ'. முதலிரண்டுக்கும் சிக்கல் இல்லை. மூன்றாவது, உள்ளே கேட்டதை அப்படியே அடுத்த கருவிக்குக் கடத்துவது. சிலம்பின் அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழ் நின்றது, யாழின் வழி தண்ணுமை நின்றது, அதன் பின்வழி முழவு நின்றது என்று வரும். ஒன்றைக் கேட்டு அடுத்தது, அதைக் கேட்டு அதற்கடுத்தது. இதைவிடத் தெளிவாகச் சங்கிலி இணைப்பை யார் சொல்வது? 'த்ரூ'வை வழி என்று எழுதுங்கள்.

பற்றவைப்பு எழுதியது:

'வழி' அருமை ஐயா, இதற்கு நான் கையைத் தூக்குகிறேன். ஒரே குறை, நாலைந்து கருவி தாண்டினால் துடிப்பின் விளிம்பு மழுங்கிச் சுரம் தவறலாம். மாதவியின் அரங்கில் அந்தச் சிக்கல் இருந்திருக்காது.

மட்டுறுத்துநர் எழுதியது:

இதுவரை: இசைத்தூது 4, மிடி 3, மிடையி 1 (முன்மொழிந்தவரே). வழி – மறுப்பில்லை. ஒற்றுப்பிழை நடுநிலை என்கிறார், ஆனால் மூன்று மடல் எழுதியிருக்கிறார்.

கையேட்டுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேரமில்லாததால் தலைப்பில் 'இசைத்தூது (மிடி) இடைமுகம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன், தமிழாசிரியர் அடைப்புக்குறியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். உள், வெளி, வழி மூன்றும் படத்தில் ஏறிவிட்டன. நேற்று முதல் வகுப்பு. ஒன்பது பேர் செய்ததில் ஏழு முதல் தடவையே பேசின. மீதி இரண்டில் 4உம் 5உம் இடம் மாறியிருந்தன. எச்சரிக்கை படத்தின் அடியிலேயே இருக்கிறது, யாரும் படிக்கவில்லை. தலைப்பையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லாரும் 'பெட்டி' என்கிறார்கள். "சார், என் பெட்டியில விளக்கு எரியல."

திவவு எழுதியது:

பெட்டி என்றால் ஆர்மோனியம். அதையும் ஒருவன் கணினியோடு சேர்க்க வருவான், அப்போது எந்தப் பெட்டி என்பீர்கள்? மிடையி பற்றி நான் எழுதுவதாகச் சொன்னது இன்னும் பாக்கி இருக்கிறது.