ரத்தம் எடுக்க வந்தவர்கள்: மலையில் நாம் பார்த்த ஆராய்ச்சி டாக்டர்கள்

லவ்டேல் சித்தி:
அக்கா மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். கிளினிக் வைக்க மாட்டாளாம், ஆராய்ச்சிப் பக்கம் போகிறாளாம். வீட்டில் ஒரு மாதமாகச் சண்டை. "டாக்டருக்குப் படித்துவிட்டு எலி வளர்க்கவா போகிறாய்?" என்று அவள் அப்பா கேட்கிறார். அவளோ விரல்விட்டு எண்ணிக்காட்டுகிறாள்: நோய்ப்பரவலியல், எதிர்ப்பாற்றலியல், மரபியல், மருந்தியல், ரத்த மாற்றுத் துறை... எனக்குப் பாதி புரியவில்லை. காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம் தவிர டாக்டர்களுக்கு வேறு வேலை இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. உங்களில் யாராவது ஆராய்ச்சி டாக்டரை நேரில் பார்த்ததுண்டா? எந்தத் துறை, என்ன செய்தார்? கேள்விப்பட்டது வேண்டாம், கண்ணால் கண்டது சொல்லுங்கள்.

வெலிங்டன் ரிட்டயர்டு:
கண்ணால் கண்டதுதான் வேண்டும் என்றால் என் கதை செல்லாது, இருந்தாலும் சொல்கிறேன். எலி என்றதும் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் அவருக்கு ஆட்டுக் கொட்டகையில் வேலை. 1907-இல் தொடங்கிய இடம். வெறிநாய்க்கடிக்கு அந்தக் காலத்து மருந்து ஆட்டு மூளையில் தயாரானது. கிருமியை ஆட்டின் மூளைக்குள் ஏற்றி, ஆடு நோயில் விழுந்ததும் மூளையை எடுத்து அரைத்து, கார்பாலிக் அமிலத்தில் கிருமியைச் சாகடித்து ஊசி மருந்தாக்குவார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம்மைப் பயமுறுத்துவார்களே, அது இதுதான். அந்த மூளை மருந்தே சிலருக்கு நரம்பைத் தாக்கிவிடும். இப்போது திசு வளர்ப்பில் மருந்து தயாரிக்கிறார்கள். ஆடும் இல்லை, தொப்புளும் தப்பித்தது.

எலிக்கு வருகிறேன். அதே வளாகத்தில் 1918-இல் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். பிற்பாடு எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாகாணத்துச் சாப்பாடு போட்டார். சப்பாத்தி, பால், நெய், பருப்பு, காய் என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலி நன்றாக வளர்ந்தது. தாத்தா வார்த்தையில் சொன்னால், "பஞ்சாப் எலி பயில்வான், மெட்ராஸ் எலி நோஞ்சான்." அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. எலி வளர்ப்பது அவ்வளவு கேவலமான வேலை இல்லை என்று அந்த அப்பாவிடம் சொல்லுங்கள்.

பெட்டட்டிப் பேரன்:
மெட்ராஸ் எலியை மட்டும் குறை சொல்லக்கூடாது சார், தீட்டிய அரிசியைச் சொல்லுங்கள். புழுங்கவைக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. இதைப் பேசிய ஆராய்ச்சியில் குன்னூருக்கும் பங்கு உண்டு. எங்கள் பாட்டி எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் பச்சரிசிக்குத் தடை போட்டிருந்தார். பொங்கலுக்கு மட்டும் அனுமதி.

கோத்தகிரிக் காய்ச்சல்காரன்:
நான் கண்ணால் கண்டவன். கண்டவன் என்ன, அவர்கள்தான் என்னைக் கண்டார்கள். அதுவும் சட்டை இல்லாமல்.

ஒன்பது நாள் காய்ச்சல். ஒரு இடத்தில் டைபாய்டு என்றார்கள், அடுத்த இடத்தில் டெங்கு என்றார்கள். ஊசி, டிரிப்ஸ், பணம் எல்லாம் இறங்கியது, காய்ச்சல் இறங்கவில்லை. கடைசியில் கீழே சமவெளியில் ஒரு மருத்துவமனை. அங்கே ஒரு சின்னப் பையன், பொது மருத்துவத்தில் எம்.டி. படிப்பவன், என்னை முழுக்க உரித்து டார்ச் அடித்துத் தேடினான். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் பெல்ட் அழுத்தும் இடம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "தம்பி, என்னப்பா தேடுகிறாய்?" என்றேன். "சிகரெட்டால் சூடு வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு சார்." இருந்தது, பெல்ட்டுக்குக் கீழே. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் எனக்கே தெரியாது. ஸ்கரப் டைபஸ், சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தான், இரண்டாம் நாள் இட்லி கேட்டேன். பத்து ரூபாய் மாத்திரைக்கு ஒன்பது நாள் அலைந்த கோபம் இன்னும் போகவில்லை. போன இடங்களின் பேரைச் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

அப்புறம்தான் நிஜமான ஆராய்ச்சி. மூன்று வாரம் கழித்து அந்தப் பையனே பூச்சியியல் ஆட்கள் இருவர், லேப் ஆள் ஒருவரோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தான். வேலி ஓரம் வரிசையாக எலிப்பெட்டி. இரை, மசால் வடை. காலையில் அகப்பட்ட எலிகளை மயக்கி, காது மடலைச் சீப்பால் வாரினார்கள். வெள்ளைத் தாளில் ஆரஞ்சுப் பொடி மாதிரி கொட்டியது. அத்தனையும் சிற்றுண்ணிக் குஞ்சு. பெரிய உண்ணி கடிக்காதாம், குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் கடிக்குமாம். மனிதனைப் பார்க்கும் டாக்டர், எலியைப் பிடிப்பவர், உண்ணியை நுண்ணோக்கியில் எண்ணுபவர், ரத்தத்தில் எலைசா என்ற நோய்ச் சோதனை பார்ப்பவர் என்று நாலு துறை எங்கள் வேலி ஓரத்தில் உட்கார்ந்து என் மனைவி போட்ட டீயைக் குடித்தது.

முப்பது வருஷ லேப்:
ஒரு மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அருவங்காட்டில் இருக்கிறேன். சித்தி, உங்கள் பெண் சொன்ன பட்டியலை நான் வாசல் வாசலாகப் பார்த்தவன். உடற்கூறியல் வாசலில் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். தடயவியல் வாசலில் போலீஸ்காரர் ஒருவர் எப்போதும் நின்றுகொண்டிருப்பார். அங்கே பூச்சிமருந்துச் சாவுகளைப் பற்றி மட்டுமே ஒரு பேராசிரியர் வருஷக்கணக்காகக் குறிப்பு எடுத்தார். புள்ளியியல்காரருக்குத் தனி வாசலே கிடையாது, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. ஆனால் எந்த டாக்டரும் அவரிடம் கைகட்டி நின்றுதான் ஆகவேண்டும், 'எத்தனை பேரிடம் ரத்தம் எடுத்தால் போதும் சார்?' என்று.

ஒன்று புரிந்துகொள்ளுங்கள். எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் மூன்று வருஷத்துக்குள் ஒரு ஆய்வேடு எழுதியாக வேண்டும். பெரும்பாலானவை பைண்டிங் போட்டு அலமாரிக்குப் போகும். எல்லாம் அப்படியில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற நுண்ணுயிரியல் மாணவிக்கு, அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன் எய்ட்ஸ் பற்றிய தலைப்பைக் கொடுத்தார். நம் ஊரில் அது எங்கே இருக்கப்போகிறது என்று எல்லோரும் நினைத்த காலம். சேகரித்த ரத்தத்தை 1986-இல் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறு பேருக்கு இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிந்தது ஒரு மாணவியின் ஆய்வேட்டில்.

பந்தலூர் கணக்குப்பிள்ளை:
எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து திரும்பி வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்து லயனில் குடியேறியது. தமிழ், மலையாளம் இரண்டோடு பணியர் என்ற பழங்குடியினரின் பேச்சும் கொஞ்சம் வரும் என்பதால், நாலைந்து வருஷம் முன்பு ஒரு குழுவுக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். சமூக மருத்துவப் பேராசிரியை ஒருவர், இரண்டு பி.ஜி. மாணவர்கள், உயிர்வேதியியலில் ஒரு பெண், ஐஸ் பெட்டியோடு லேப் பையன். சிக்கிள் செல் ஆய்வு.

ஜீப்பில் மேடம் சொன்னார்: இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதலில் தெரியவந்ததே நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952-இல். லேமன், கட்புஷ் என்ற இருவர் எழுதினார்கள். ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து நுண்குழாய்களில் மாட்டிக்கொள்ளும். அதுதான் கை கால் குடைச்சல். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரிய தொந்தரவில்லை, மலேரியாவின் கடுமையிலிருந்து கொஞ்சம் காப்பும் கிடைக்கும். கீழ்க்காடு முழுக்க மலேரியாவாக இருந்த காலத்தில் அது தங்கிப்போனதற்குக் காரணம் அதுதான்.

பணியர் குடியிருப்பான பாடிக்குப் போனோம். ஒப்புதல் படிவம் மூன்று பக்கம். மரபணு என்பதற்கு என்ன சொல்வது? 'ரத்தத்தில் இறங்கும் வம்சம்' என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கைநாட்டு வைக்கும் இடம் வந்தது. முன்வரிசையில் இருந்த பாட்டி கையை நீட்டவில்லை. "இதற்கு முன்னால் மூன்று தடவை எடுத்தீர்கள். ஒரு தடவை விரலில் குத்தினீர்கள். என் ரத்தம் உங்களிடம் என்ன சொன்னது?" என்று கேட்டார்.

நான் அதை மழுப்பித்தான் மொழிபெயர்த்தேன். மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியே சொல்லுங்கள்" என்றார். அப்படியே சொன்னேன். ஃபைலை மூடிவிட்டார். பி.ஜி. பையன்களுக்கு முகம் சுண்டிவிட்டது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, ஜீப் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க ஒரு சொட்டு ரத்தமும் எடுக்கவில்லை. எந்த வருஷம் யார் வந்தார்கள், என்ன எடுத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார். பாட்டி ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து ரேஷன் கார்டோடு மடித்து வைத்த சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் எண் மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் வந்து எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து மேடம் ஐஸ் பெட்டி இல்லாமல், வீட்டுக்கு வீடு முடிவுச் சீட்டோடு வந்தார். பாட்டி ஒரு பங்கு சுமப்பவர். பேரனுக்கு நோயே இருந்தது. மழைக்காலத்தில் அவன் பள்ளிக்கூடம் போகாததைச் சோம்பேறித்தனம் என்று நாங்களே பேசியிருக்கிறோம். இப்போது தினமும் மாத்திரை சாப்பிடுகிறான், போகிறான். அந்தப் பழைய சீட்டை மட்டும் பாட்டி தூக்கிப்போடவில்லை. "அதற்கு இன்னும் பதில் வரவில்லை" என்கிறார்.

பெயர் வேண்டாம்:
இரண்டு நாளாக எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். விரலில் குத்தி எடுத்தவர்களில் ஒருவன் நானாக இருக்கலாம். பி.ஜி. படிக்கும்போது பந்தலூர்ப் பக்கம் பதினொரு பாடிகளுக்குப் போனேன். முடிவுகள் எல்லாம் வந்தன, அட்டவணையில் சதவீதமாக உட்கார்ந்தன. ஆய்வேடு கொடுத்தேன், பரீட்சை எழுதினேன், வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சீட்டில் எண்ணுக்கு முன்னால் 'பா' என்று சிவப்பு மையில் இருக்கிறதா?

பந்தலூர் கணக்குப்பிள்ளை:
நேற்றுப் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. பா 63.

பெயர் வேண்டாம்:
பதிவேடு இன்னும் துறை அலமாரியில்தான் இருக்கவேண்டும். சனிக்கிழமை போய் எடுக்கிறேன். 63 மட்டும் இல்லை, மொத்தமும்.

பந்தலூர் கணக்குப்பிள்ளை:
எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள் டாக்டர், தபாலில் போடாதீர்கள். மழை விட்டதும் வாருங்கள், இப்போது ஜீப் ஏறாது. நான் கூட வருகிறேன், இந்தத் தடவை மழுப்பாமல் சொல்கிறேன்.

லவ்டேல் சித்தி:
அக்கா மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து இதையெல்லாம் வாசித்தாள். அவளும் வரலாமா என்று கேட்கிறாள்.

பந்தலூர் கணக்குப்பிள்ளை:
வரட்டும். எலி இல்லை, அட்டைப்பூச்சி உண்டு. ஒரு பொட்டலம் உப்பு எடுத்து வரச் சொல்லுங்கள்.