பொன்னியின் செல்வன் முடிஞ்சுது, அடுத்து எதைக் கொடுக்க?

வடக்குவாசல்: அக்கா மகள், கல்லூரி முதலாண்டு. படம் ரெண்டு பாகமும் பார்த்த சூட்டில் பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்தையும் முடிச்சுட்டு, ‘அடுத்து என்ன மாமா’ன்னு நிக்கிறா. ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ கொடுக்கலாம்னு இருக்கேன். அதுக்கு மேல தமிழில் நாவல் இல்லைங்கிறது என் கட்சி.

ரசம்சாதம்: ஐயோ, வேண்டாம் சார். வந்தியத்தேவன் குதிரைக்குப் பின்னாடி ஓடின பிள்ளையைக் கொண்டுபோய் இரண்டாம் உலகப் போர் நேரத்துச் சுமத்ராவில், மெடான் நகரத் தெருவில் ஜப்பான் பட்டாளத்துக்கு முன்னாடி நிறுத்துறீங்க. வட்டிக்கடை, மலாய்ச் சொல், மதுரை நினைப்பு எல்லாம் கலந்து கட்டி வரும். நானே மூணாவது தடவைதான் கரையேறினேன். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ கொடுங்க. சின்னப் புத்தகம்.

வடக்குவாசல்: ஜமுனா குடத்தோட அலையறதைத் தவிர அதில என்ன நடக்குது? அத்தியாயத்துக்கு ஒரு திருப்பம் பார்த்தவளுக்குச் சப்புன்னு இருக்கும். தோணியில் கடல் இருக்கு, போர் இருக்கு. பாண்டியன் வந்தியத்தேவனுக்குத் தம்பி மாதிரி.

ரசம்சாதம்: தம்பியா? வந்தியத்தேவன் எங்க மாட்டினாலும் தப்பிச்சிடுவான். பாண்டியன் கதை எப்படி முடியுதுன்னு உங்களுக்குத் தெரியாதா? அப்புறம், டீச்சரம்மா ஜமுனாகிட்ட பேசற இடத்தை இன்னொரு தடவை படிச்சுட்டு வந்து ‘ஒண்ணும் நடக்கலை’ன்னு சொல்லுங்க. குழாய்த் தண்ணியில் சாக்கடை கலக்கற இடத்தில் நான் மூக்கைப் பொத்திக்கிட்டேன்.

கரிசல்மண்: இடையில் நுழையறேன். பூமணியின் ‘வெக்கை’, 1982. பதினஞ்சு வயசுப் பையன் கொலை பண்ணிட்டு ஓடறதில் தொடங்குது. இதைவிட என்ன விறுவிறுப்பு வேணும்? ‘அசுரன்’ பார்த்தாச்சேன்னு தள்ளாதீங்க. படம் அப்பன் பக்கம் சாய்ஞ்சிடுச்சு, நாவல் பையன் கூடவே நடக்குது. காட்டுக்குள்ள ஒளிஞ்சு திரியறப்போ அப்பனும் மகனும் பேசிக்கிறது இருக்கே, அதுக்காகவே படிக்கலாம். இன்னொண்ணு, ரெண்டு பேரும் கல்கியை ஏதோ ஒண்ணாம் வகுப்பு மாதிரி பேசறீங்க. அஞ்சு பாகம் ஒருத்தியை உட்கார வைக்கிறது லேசுப்பட்ட காரியமா?

ரசம்சாதம்: கல்கியை நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா வெக்கையில் வட்டார வழக்கு இடிக்குமே அண்ணே?

கரிசல்மண்: மெடான் மலாய் புரியும், கோவில்பட்டித் தமிழ் புரியாதாக்கும்!

ரசம்சாதம்: மலாயைச் சிபாரிசு பண்ணினது நான் இல்லை, அவர்.

வடக்குவாசல்: மூணையும் வாங்கி மேசையில் வச்சுட்டேன். மெலிசா இருக்குன்னு ‘தண்ணீர்’ பஸ்ஸுக்குப் போயிருக்கு. ரசம்சாதம், சிரிக்காதீங்க. தோணி அவ தலைமாட்டில் இருக்கு.