கடைக்குக் கடை நிறுத்தும்போது எஞ்சினை ஓடவிடுவதா, ஓஃப் பண்ணுவதா?

இடியப்பத்தட்டு:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் வீட்டிலேயே இடியப்பம், ரோல்ஸ், பற்றிஸ் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். விடியவே தெஹிவளையில் தொடங்கி, காலி வீதியால் பம்பலப்பிட்டி வரை கடை கடையாக நிறுத்தி இறக்க வேண்டும். சில இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு உடனே வந்துவிடலாம், சில இடத்தில் பழைய பெட்டியை எடுத்து, மிச்சம் எண்ணி, காசு வாங்கி வரப் பத்து நிமிடம் போய்விடும். கார் அல்டோ 800, மனுவல். வீதியோரத்தில் ஆளில்லாமல் விட்டால் பொலிஸ் வந்துவிடும் என்று மாமா கூடவே வந்து காருக்குள் இருப்பார். அவர் எஞ்சினை நிறுத்தவே விடமாட்டார். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பெற்றோல் கனக்கப் போகும், ஸ்டார்ட்டர் பழுதாகும், பற்றரி இறங்கும் என்பார். கனடாவில் இருக்கும் தம்பியோ ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றாலே ஓஃப் பண்ணு என்கிறான். மாமா மொறிஸ் மைனர் ஓடின ஆள், அவர் சொல்வதைச் சும்மா தள்ளிவிடவும் மனமில்லை. ஏசி இல்லாமல் அவருக்கு இருக்கவும் ஏலாது. எது சரி?

கராஜ்காரன்_தெஹிவளை:

அக்கா, மாமா சொல்வது மொறிஸ் மைனருக்கு முழுக்கச் சரி. கார்பரேட்டர் வண்டியில் சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணும்போது தேவைக்கு மேல் பெற்றோல் போகும், சூட்டில் சில நேரம் திரும்பப் பிடிக்கவும் பிடிக்காது. உங்கள் அல்டோ இன்ஜெக்டர் வண்டி, எவ்வளவு பெற்றோல் வேண்டுமோ அதைக் கம்ப்யூட்டர் அளந்துதான் விடும். அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் இதை அளந்து பார்த்திருக்கிறது: சூடான எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவதை விட, 10 விநாடிக்கு மேல் சும்மா ஓடவிடுவதில்தான் எரிபொருள் கூடப் போகிறது. தம்பி சொல்லும் ஒரு நிமிடம் கனடா அரசாங்கத்தின் இயற்கை வள அமைச்சு சொல்வது. ஸ்டார்ட்டர், பற்றரித் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்த்து வைத்த எல்லை அது. ஆகவே பெட்டியை வைத்துவிட்டு ஓடிவரும் கடையில் ஓடட்டும், கணக்குப் பார்க்கும் கடை என்றால் ஓஃப் பண்ணுங்கள். 800 சிசி எஞ்சின் ஏசி இல்லாமல் நின்றபடி ஓடினாலே மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவில் குடிக்கும், ஏசி போட்டால் இன்னும் ஏறும். ஒரு நாளுக்குச் சின்னத் தொகைதான், மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கோ.

பற்றரியைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சின்னக் காரின் ஸ்டார்ட்டர் 150 அம்பியர் அளவில் இழுக்கும், ஆனால் சூடான எஞ்சின் ஒரு விநாடியில் பிடித்துவிடும். 150 அம்பியர் ஒரு விநாடிக்கு என்றால் 0.04 அம்பியர் மணி, அவ்வளவுதான். கார் ஓடத் தொடங்கினால் ஒரு நிமிடத்துக்குள் ஒல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுற்றிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது) அதைத் திருப்பிப் போட்டுவிடும். பற்றரியைக் கொல்வது வேறு. எஞ்சினை ஓஃப் பண்ணிவிட்டுத் திறப்பை ஓனில் வைத்து ஏசி ஃபேன் ஓடவிடுவது, ஹெட்லைட்டை மறந்துவிடுவது, ஹசார்ட் போட்டுவிட்டுக் கடைக்குள் நிற்பது. ஃபேன் 10 அம்பியர் இழுத்தால் இரண்டு நிமிடத்தில் 0.33 அம்பியர் மணி போகும், அதாவது எட்டு ஸ்டார்ட்டுக்குச் சமம். யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

டொல்பின்_வான்:

கராஜ் தம்பி சொல்வது பெற்றோல் காருக்குச் சரி, ஆனால் இதை வாசிக்கும் வான்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் கொட்டாஞ்சேனையில் ஸ்கூல் வான் ஓடுகிறேன், டேர்போ டீசல். கட்டுநாயக்க ஹைவேயில் இழுத்துக்கொண்டு வந்து உடனே ஓஃப் பண்ணக்கூடாது. டேர்போ, அதாவது புகையால் சுற்றி எஞ்சினுக்குக் காற்றை அழுத்தும் பாகம், சூட்டில் இருக்கும்போது ஒயில் ஓட்டம் நின்றுபோனால் உள்ளே நிற்கிற ஒயில் கருகிப் படியும். ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைக்க வேண்டும். ஊருக்குள் மெதுவாக வந்து நின்றால் அது தேவையில்லை, அதுவரை வந்த வேகத்திலேயே ஆறியிருக்கும்.

பள்ளிக்கூட வாசலில் வான்கள் வரிசையாக எஞ்சினை ஓடவிட்டு நிற்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். பிள்ளைகள் அந்தப் புகைக்குழாய்க்கு நேரே நின்றுதான் வானுக்குக் காத்திருக்கிறார்கள். 2022ல் கியூஆர் காட்டி அளவாக எரிபொருள் அடிக்கும் கோட்டா வந்த நேரம் ஒரு துளி டீசலையும் வீணாக்காமல் அத்தனை பேரும் அணைத்துவிட்டுத்தானே நின்றோம்? அப்போது எந்த வானும் பழுதாகவில்லை.

இடியப்பத்தட்டு:

இரண்டு பேருக்கும் நன்றி. மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன், எட்டு ஸ்டார்ட் கணக்கைக் கேட்டுவிட்டு யோசிக்கிறார். அப்படியென்றால் கலர் லைட்டிலும் ஓஃப் பண்ணலாமா? ஏசிக்கு என்ன செய்வது?

கராஜ்காரன்_தெஹிவளை:

கலர் லைட்டில் வேண்டாம் அக்கா. காலி வீதியில் காலை நேரத்தில் பொலிஸ் நின்று கையால் வாகனம் விடும்போது எப்போது போகச் சொல்வார் என்று தெரியாது, பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும், அந்தப் பதற்றத்தில் திறப்பைத் திருப்பிக்கொண்டிருப்பது ஆபத்து. நுகேகொடை, நாரஹேன்பிட்டி பக்கம் ரயில் கேட் போட்டால் அது வேறு, அங்கே தாராளமாக ஓஃப் பண்ணலாம். ஒன்று முக்கியம்: கார் முழுதாக நின்று, ஹேன்ட் பிரேக் போட்ட பிறகுதான் ஓஃப் பண்ண வேண்டும். உருண்டுகொண்டிருக்கும்போது அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாக இறுகிவிடும், திறப்பை வெளியே இழுத்தால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

ஏசி விஷயத்தில் நான் பெற்றோல் கணக்குப் பார்க்கமாட்டேன். வயதானவர் வெயிலில் அடைத்த காருக்குள் இருக்கக்கூடாது. நீங்கள் பத்து நிமிடம் நிற்கும் கடைக்கு முன்னால் நிழல் இருந்தால் எஞ்சினை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள், விடியக்காலையில் காற்று போதும். எட்டு மணிக்குப் பிறகு வெயில் ஏறிவிட்டால் ஓடட்டும். அரை லீற்றரை விட அவர் முக்கியம்.

அக்வா_ஓட்டி:

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, டாஷ்போர்டில் ரெடி லைட் எரிந்தபடியே விடுங்கள், தேவையென்றால் எஞ்சின் தானே அணைந்து தானே வரும். என் டொயோட்டா அக்வாவில் ஏசி கொம்பிரசரும் கரண்டில்தான் ஓடுகிறது. ட்ரபிக்கில் மட்டும் நியூட்ரலில் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள், நியூட்ரலில் ஹைபிரிட் பற்றரி சார்ஜ் ஆகாது. டொயோட்டா புத்தகத்திலேயே இருக்கிறது.

மாடிவீட்டு_அக்கா:

தங்கச்சி, உங்கள் கட்டடத்தில் பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால் ஒன்று சொல்கிறேன். மாமாவைக் காரில் இருத்தி, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுப் பெட்டிகள் எடுக்க மேலே போய்விடாதீர்கள். லிஃப்ட் வருவதற்கே எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியும்தானே. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தலையிடியும் தூக்கமும் வரும், உள்ளே இருப்பவர் களைப்பு என்று நினைத்துக் கண்ணை மூடிவிடுவார். அடைத்த இடத்தில் எஞ்சின் ஓடக்கூடாது. பெட்டிகளை ஏற்றி முடித்த பிறகு அவரைக் கீழே கூப்பிடுங்கள்.

இடியப்பத்தட்டு:

பேஸ்மென்ட்தான் அக்கா, அவரை முதலில் இருத்திவிட்டுத்தான் பெட்டி எடுக்கப் போவது வழக்கம். நாளையிலிருந்து கடைசியாகத்தான் இறங்குவார். கராஜ் தம்பி, பற்றரி நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

கராஜ்காரன்_தெஹிவளை:

கொழும்புச் சூட்டில் இரண்டு வருடம் தாண்டினால் பார்க்கத்தான் வேண்டும். இரவு முழுக்க நின்ற காரில், விடிய ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் மீற்றர் வைத்தால் 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஸ்டார்ட் பண்ணும் அந்த விநாடியில் 9.6க்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஒல்டர்னேட்டர் சரி. மூன்றும் சரியாக இருந்தால் பயமில்லாமல் நிறுத்தி நிறுத்தி ஓடலாம். பற்றரி பலவீனம் என்றால் மாற்றும் வரை எஞ்சினை அணைக்காதீர்கள், நடுவீதியில் தள்ள வேண்டி வரும். மீற்றர் இல்லையென்றால் பற்றரிக் கடையில் கேட்டுப் பாருங்கோ, அங்கே வைத்திருப்பார்கள். மூன்று எண்ணையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.