சின்ன சமையலறையில் மளிகையை எங்கே வைப்பது?

கேள்வி: வாடகை வீடு. சமையலறை 6-க்கு 8 அடி. அடுப்புக்கு மேலே ஒரு அலமாரி, அப்புறம் கைக்கு எட்டாத பரண், அவ்வளவுதான். மாதச் சாமான் வாங்கினால் ரவையில் வண்டு வந்துவிடுகிறது. வழி சொல்லுங்கள்.

பதில்: அக்கா, முதலில் அந்த அலமாரியிலிருந்து மளிகையை இறக்குங்கள். அடுப்புச் சூடும் ஆவியும் அங்கேதான் போகும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், சாம்பார்பொடி கட்டி தட்டும். அங்கே பாத்திரம் வையுங்கள். அரிசி, பருப்பு மேடைக்கு அடியில், பலகை மேல். டப்பா சதுரமாக வாங்குங்கள், இடுக்கில் இடம் வீணாகாது.

ரவை, மைதாவை வாங்கியதும் இறுகக் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள்; வண்டின் முட்டையும் செத்துவிடும். குளிர் விட்ட பிறகே பிரியுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். நான் ரவையை வறுத்தே வைக்கிறேன், உப்புமாவுக்கு வேலை மிச்சம்.

கேட்டவர்: சரிங்க, இன்றே மாற்றுகிறேன். வெங்காயமும் உருளையும் ஒரே கூடையில் இருக்கலாமா?

இன்னொருவர்: வேண்டாம். வெங்காயத்துக்குக் காற்றோட்டம் வேண்டும், தொங்கும் கூடை போதும். உருளையை இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை பிடித்தால் கசக்கும், உடம்புக்கும் ஆகாது.